குளிரில் சொன்ன சரி

எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியில் எது நடந்தாலும் முதலில் தண்ணீரை ஊற்றுவார்கள். தீப்பொறி தெரிந்தால் ஊற்றுவார்கள். கருகிய வாசம் வந்தால் ஊற்றுவார்கள். ஒருமுறை மருந்து அறைக்குப் பின்னால் ஒரு சாரைப்பாம்பு வந்தபோதும் ஊற்றினார்கள். பாம்பு நனைந்தபடியே தன் வழியில் போய்விட்டது.

இந்தப் பழக்கத்தை ஆட்களிடம் ஊன்றியவர் போர்மேன் சங்கிலிமுத்து. மாதத்தில் ஏதாவது ஒரு நாள், யாருக்கும் சொல்லாமல் அபாய மணியைத் தானே அடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு ஷெட்டிலிருந்தும் ஆட்கள் வாளியோடு ஓடி வருவார்கள்.

"மணி அடிச்சா என்ன ஏதுன்னு கேக்கப்படாது. நின்னு யோசிக்கிறவன் வீடு போய்ச் சேரமாட்டான். மொதல்ல தண்ணி. பேச்சு பெறகு" என்பார்.

நின்று யோசிக்கிற ஆள் ஒருத்தி அதே கம்பெனியில் இருந்தாள். அவருடைய அண்ணன் மகள் பாண்டிச்செல்விதான் அது. பேக்கிங்கில் வேலை. பெட்டியை ஒட்டி முடித்த பிறகு, உள்ளே எல்லாம் வைத்தோமா என்று சந்தேகம் வந்து பிரித்துப் பார்ப்பாள். காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு வந்ததும், திரும்பிப் போய்ப் பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். "இவ கட்டுன வெடி, வெடிக்கவா வேண்டாமான்னு இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் வெடிக்கும்" என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அதில் உண்மை இருக்குமோ என்று பிறகு யோசிப்பாள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம் சிவகாசியில் முதலுதவிக்கு ஒரு மாலை வகுப்பு நடந்தது. கம்பெனிக்கு ஒரு ஆளை அனுப்பச் சொன்னார்கள். வேலை முடிந்து பஸ் பிடித்துப் போய் உட்கார யாருக்கும் மனமில்லை. பாண்டிச்செல்வியை அனுப்பலாம், அவள் இல்லாவிட்டால் பேக்கிங் இன்னும் வேகமாக நடக்கும் என்று சித்தப்பாதான் பேர் கொடுத்தார்.

தீக்காயப் பாடத்தன்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ரத்தக் காயம் வந்தது. வாத்தியார் சொன்னார்: ரத்தம் நிறையப் போனவரைக் குளிர விடக்கூடாது. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாது. உறையாவிட்டால் காயம் அடைபடாது. ரத்தம் போகப் போக உடம்பு இன்னும் குளிரும். ஆகவே ஈரத்துணியை எடுத்துவிட்டுக் கம்பளியால் போர்த்துங்கள்.

கம்பளி என்றதும் வகுப்பே சிரித்தது. தலைக்கு மேல் காற்றாடி அனல் காற்றை அள்ளி இறைத்துக்கொண்டிருந்தது. விஸ்வநத்தத்துக்காரர் ஒருவர் எழுந்து, "சார், எங்க பக்கம் ஒருத்தன் குளிர்ல கெடக்கணும்னா, பஸ் ஏறிக் கொடைக்கானல் போயித்தான் கெடக்கணும்" என்றார். வாத்தியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாண்டிச்செல்வியும் சிரித்தாள். ஆனால் பஸ்ஸில் வரும்போது அவளுக்குக் குழப்பம் வந்தது. தீக்காயத்துக்குத் தண்ணீர் விடச் சொன்னார். ரத்தக் காயத்துக்கு ஈரமே ஆகாது என்கிறார். நேரம் வரும்போது மாற்றிச் செய்துவிட்டால் என்ன ஆவது? 'நெருப்புன்னா தண்ணி, ரத்தம்னா துணி' என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். உதடு அசைந்திருக்க வேண்டும்.

அந்த வருடம் மே மாதத்திலேயே நேரம் வந்தது.

ஷெட்டுகளுக்கு மேற்கூரை மாற்ற ஒரு லோடு தகரம் வந்திருந்தது. இறக்குகிறவர்கள் சரியாக இறக்கவில்லை என்று சங்கிலிமுத்து தானே போய் நின்றார். மேலிருந்து ஒரு தகரம் வழுக்கி வந்து அவர் தொடையை ஆழமாக அறுத்துவிட்டது. அவர் கீழே விழுந்ததைத் தூரத்திலிருந்து பார்த்த வாட்ச்மேன் சோலைச்சாமி ஓடிப்போய் மணியை அடித்தார்.

பிறகு நடந்ததில் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார்கள். நாலு பக்கமிருந்தும் வாளிகள் வந்தன. என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே நெருப்பு இல்லை, ரத்தம்தான் என்று புரிவதற்குள் போர்மேன் மேல் பத்துப் பன்னிரண்டு வாளி தண்ணீர் விழுந்திருந்தது. கடைசி இரண்டு வாளி, புரிந்த பிறகு ஊற்றியது. பிந்தி வந்தவர்கள், சும்மா வந்தோம் என்ற பேர் வேண்டாமென்று ஊற்றிவிட்டார்கள். அதற்கு மேல் நனைந்த சாக்கையும் போட்டு மூடினார்கள். ஒவ்வொரு ஷெட் வாசலிலும் சாக்கு எப்போதும் ஈரமாகவே இருக்க வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

சாக்குக்கு அடியிலிருந்து சங்கிலிமுத்துவின் குரல் வந்தது. "ஏலே, போன மாசத்தவிட வெரசா வந்துட்டீகளே." சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் பல் கிட்டியது.

பாண்டிச்செல்வி வந்து பார்த்தபோது தண்ணீரும் ரத்தமும் சேர்ந்து செம்மண்ணில் ஓடிக்கொண்டிருந்தன. துப்பட்டாவை மடித்துக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். பக்கத்து ஷெட்டில் திரி வெட்டிக்கொண்டிருந்த சித்தி அய்யம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"குளிருதுத்தா" என்றார் சங்கிலிமுத்து.

எல்லாரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். உச்சிவெயில். தகரத்தில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்கிற வெயில்.

"பயத்துல அப்படித்தான் இருக்கும்" என்றார் சோலைச்சாமி.

"எவனுக்குலே பயம்?" என்றார் சங்கிலிமுத்து. ஆனால் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவருடைய கையைத் தொட்டாள் பாண்டிச்செல்வி. தொட்டிக்குள் கிடந்த செம்பைத் தொட்ட மாதிரி இருந்தது.

நெருப்புன்னா துணி, ரத்தம்னா தண்ணி. இல்லை. நெருப்புன்னா தண்ணி. அவளுக்கு வாக்கியம் தலைகீழாகப் புரண்டது. ஆனால் கண்ணெதிரே தண்ணீர் ஊற்றியாயிற்று, ஆள் நடுங்குகிறார். அப்படியென்றால் மிச்சமிருப்பது துணிதான். சரியான யோசனையா என்று தெரியவில்லை. வேறு யோசனையும் வரவில்லை.

"ஈரத்தையெல்லாம் எடுக்கணும். சாக்கு, சட்டை எல்லாம்" என்றாள். பிறகு பாதிக் குரலில், "வேட்டியையும்" என்றாள்.

சாக்கும் சட்டையும் உடனே போயின. வேட்டியை நோக்கி ஒரு கையும் நீளவில்லை. சங்கிலிமுத்து நடுங்குகிற இரண்டு கையாலும் வேட்டி முடிச்சைப் பிடித்துக்கொண்டார். "எவனாச்சும் வேட்டில கைய வச்சீகன்னா, நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்."

"கைய எடுங்க" என்றாள் அய்யம்மாள். "கல்யாணத்தன்னையிலருந்து நான்தான் தொவைக்கேன். எனக்குத் தெரியாத வேட்டியா? எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்கய்யா."

மணி அடித்தபோது வந்ததைவிட வேகமாக ஆட்கள் திரும்பி நின்றார்கள்.

போர்த்த உலர்ந்த துணி வேண்டும். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. மூடுவதற்கு ஆகிற எல்லாமே அந்தக் கம்பெனியில் ஈரமாகத்தான் இருந்தன. சாக்கு ஈரம், படுதா ஈரம், வாளியைத் தூக்கி ஓடி வந்ததில் வந்தவர்கள் துண்டும் ஈரம். மே மாதத்தில் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டிலும் கம்பளி வெளியே இருக்காது.

"குளிருதுன்னா, ரெண்டு கட்டைய அள்ளிப் போட்டுத் தீ மூட்டிருவமா?" என்றார் சோலைச்சாமி.

திரும்பி நின்றவர்கள்கூடத் தலையை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தார்கள். தாம் எந்தக் கம்பெனிக்கு வாட்ச்மேன் என்பது அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது. "சும்மா சொன்னேன்" என்றார்.

பாண்டிச்செல்விக்குப் பேக்கிங் ரூம் நினைவு வந்தது. கம்பெனியிலேயே துளி ஈரம் படாத இடம் அது ஒன்றுதான். பூச்சட்டி மத்தாப்புக்குச் சுற்றுகிற ரேப்பர் தாள், அச்சகத்தில் நிறம் மாறி வந்ததென்று திருப்பி அனுப்பக் கட்டாகக் கிடந்தது. மருந்து பக்கத்திலேயே வராத சுத்தமான தாள். அதைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, துப்பட்டாவாலேயே காயத்தைக் கட்டினாள். தாளால் அவரை அடுக்கடுக்காகச் சுற்றினார்கள். மேலே லாரிக்குப் போடும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கயிற்றால் கட்டினார்கள். மணியடித்ததோடு சரி என்று நின்றதால் சோலைச்சாமியின் துண்டு ஒன்றுதான் காய்ந்திருந்தது. அதை வாங்கித் தலையைச் சுற்றினாள். முடித்துப் பார்த்தபோது போர்மேன் ஏற்றுமதிக்குத் தயாரான சரக்கு மாதிரி இருந்தார். நெஞ்சுக்கு நேராகப் பெரிய எழுத்தில் 'பற்றவைத்ததும் விலகி நிற்கவும்' என்று இருந்தது.

அதற்குள் முதலாளியின் மகன் சபரிநாதன் காரோடு வந்துவிட்டார். போன மாதம் வாங்கிய கார். சீட்டில் வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. "ரத்தம் பட்டாப் படட்டும், ஏத்துங்க" என்றார். நல்ல மனுசர்தான். ஏற்றியதும், தன்னால் ஆன பெரிய உதவியைச் செய்தார். கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யை முழுசாகத் திருப்பி வைத்தார்.

அய்யம்மாள் மடியில் சங்கிலிமுத்துவின் தலை. பாண்டிச்செல்வி கீழே குறுகி உட்கார்ந்து தொடையை அழுத்திக்கொண்டிருந்தாள். முன்சீட்டில் சோலைச்சாமி, கையில் ஒரு பன்னீர் சோடாவோடு.

"ஒரு மொடக்கு குடுத்தாத் தெம்பா இருக்கும்லத்தா?"

"வாயில ஒண்ணும் குடுக்கக்கூடாது தாத்தா."

"அப்ப வழியில ஆகும்" என்று அவர் அதைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

கார் கிளம்பியது. சித்தப்பாவின் பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்டது. "தூங்க விடாம பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க சித்தி" என்றாள் பாண்டிச்செல்வி.

அந்தப் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அய்யம்மாளின் அண்ணன் செல்லச்சாமி சாத்தூரில் தீப்பெட்டிக் கம்பெனிக்காரர். ஒரு கல்யாண வீட்டில், நாலு பேர் முன்னால், "என்னதான் பெரிய வெடியா இருந்தாலும் மாப்ள, எங்க தீக்குச்சி கிட்ட வந்தாத்தான அது வாயத் தெறக்கும்" என்று சொல்லிவிட்டார். சங்கிலிமுத்து பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். அன்றிலிருந்து மச்சான் வீட்டு வாசல்படியை மிதிக்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அய்யம்மாள் கேட்பாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் குதிப்பார். அதையே இப்போதும் எடுத்தாள்.

"இந்தாருங்க, வர்ற தீவாளிக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போவமா?"

"அந்தத் தீப்பெட்டிக்காரன் வீட்டுக்கா? என் பொணம்தான் போகும்."

"வாயக் களுவுங்க. கெடக்கிற கெடையில பேசுற பேச்சப் பாரு" என்று அவர் வாயில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். ஆனால் அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. இது அவள் புருஷன்தான்.

ஏ.சி. காற்று பாண்டிச்செல்வியின் ஈரக் கைகளில் பட்டு மயிர்க்கூச்செறிந்தது. அவளுக்கே இப்படி இருந்தால் அவருக்கு? நிறுத்தச் சொல்லலாமா? முதலாளி மகன் தன் கையால் போட்ட ஏ.சி. பெரிய ஆஸ்பத்திரிகளில் உள்ளே ஏ.சி.தானே போடுகிறார்கள். சொல்லலாம். சொல்லித் தப்பாகிவிட்டால்? தொடையைத்தான் இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"தீவாளிக்குப் போவமா?" என்று மறுபடி கேட்டாள் அய்யம்மாள்.

"பாப்பம்" என்றார் சங்கிலிமுத்து.

அய்யம்மாளின் முகம் மாறியது. அவர் வாயிலிருந்து 'பாப்பம்' என்ற சொல்லை அவள் கேட்டதில்லை.

கொஞ்ச தூரத்தில் பல் சத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்த சபரிநாதன், "நடுக்கம் நின்னுருச்சு பாத்தீகளா. ஏ.சி. வேலை செய்யுது" என்றார்.

"இந்தாருங்க. எங்கண்ணன் வீட்டுக்கு..."

"சரி" என்றார் சங்கிலிமுத்து, மெதுவாக, மரியாதையாக. "நீ சொன்னா... சரியாத்தான் இருக்கும்."

அய்யம்மாள் அலறிவிட்டாள். "ஏத்தா செல்வி, இது ஒஞ் சித்தப்பா இல்லத்தா."

பாண்டிச்செல்வி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க, சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து அவளை 'ஏத்தா', 'ஏ கோட்டி' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவர். நடுக்கம் நின்றால் நல்லதில்லை, உடம்பு கைவிட்டுவிட்டது, பேச்சு தடம் மாறும் என்று வாத்தியார் சொன்னது சிரிப்புச் சத்தத்துக்கு அடியில் எங்கோ கேட்டிருந்தது. இப்போது மேலே வந்தது.

"மொதலாளி, ஏ.சி.ய அமத்துங்க."

"ஏம்மா, ஐ.சி.யூ.லயே ஏ.சி.தான போடுறாங்க."

நியாயமான கேள்வி. அவளே கேட்டுக்கொண்ட கேள்விதான். "அது எனக்குத் தெரியல மொதலாளி. ஆனா சித்தப்பா சரின்னு சொல்றாக."

காருக்குள் இருந்த எல்லாரும் சங்கிலிமுத்துவை அறிந்தவர்கள். சபரிநாதன் சட்டென்று ஏ.சி.யை அணைத்தார்.

"சூடு வருமா இந்தக் கார்ல?"

"வரும்னுதான் நெனைக்கேன். நீலம் ஒரு பக்கம், செவப்பு ஒரு பக்கம் போட்டுருக்கு. செவப்புப் பக்கம் நான் திருப்புனதே இல்ல." பட்டாசுத் தொழிலில் பிறந்து வளர்ந்தவர். சிவப்பு அடித்திருக்கும் எதையும் தொடாமல் வளர்ந்தவர். "திருப்பவா?" என்று அவளிடம் கேட்டார்.

முதலாளி மகன் தன்னிடம் கேட்கிறார் என்பதை யோசிக்க அவள் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "திருப்புங்க" என்றாள்.

மே மாத உச்சிவெயிலில், கண்ணாடி ஏற்றிய காருக்குள், ஹீட்டரும் சேர்ந்தது. முதலில் சோலைச்சாமி "யாத்தே" என்றார். சபரிநாதனின் மூக்கு நுனியிலிருந்து வேர்வை ஸ்டியரிங்கில் சொட்டியது. இதற்கு மேல் ரயில்வே கேட் வேறு சாத்தியிருந்தது.

"சித்தி, தாளுக்குள்ள கையவிட்டு, அவுகளச் சேத்துக் கட்டிப் புடிச்சுக்கோங்க. ஒடம்புச் சூடு போகணும்."

"கேட்ல இம்புட்டுப் பேரு நிக்கையிலயா?"

"சித்தி."

"சரித்தா, சரி" என்றாள் அய்யம்மாள். அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததில் ஒரு நொடி பயந்துபோய், பிறகு கட்டிக்கொண்டாள். தாள் சரசரத்தது.

கேட்டில் நின்ற கூட்டத்துக்கு, வேர்வையில் குளித்து முகம் சிவந்த இரண்டு ஆண்கள் மூடிய காருக்குள் அசையாமல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர் கண்ணாடியைத் தட்டினார். "ஏ.சி. ரிப்பேரா? கண்ணாடிய எறக்குங்கய்யா, வெந்துருவீக." உள்ளே பதில் இல்லை என்றதும், ஒரு அம்மா இடுப்புக் குடத்தை இறக்கினாள். யாரோ கதவைத் திறந்து தண்ணீரை உள்ளே ஊற்றச் சொன்னார்கள். சிவகாசிப் பக்கம் ஊர் முழுக்க ஒரே பள்ளிக்கூடம்தான்.

சோலைச்சாமி வெளியே குதித்துக் கதவைச் சாத்தி, அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். "ஊத்தாதீக. தாயி, அந்தக் கொடத்தக் கீள வையி. யாரும் தண்ணி ஊத்தப்படாது." இத்தனை வருட வேலையில் அந்த வார்த்தைகளை அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

ரயில் கடக்கும்போது காருக்குள் மறுபடி ஒரு சத்தம் கேட்டது. டக டக என்று. பாண்டிச்செல்வி ரயிலின் சத்தம் என்றுதான் நினைத்தாள். ரயில் போன பிறகும் அது நிற்கவில்லை. சித்தப்பாவின் பற்கள். நடுக்கம் திரும்பி வந்துவிட்டது. அவ்வளவு நல்ல சத்தத்தை அவள் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது நர்ஸ் ஓடி வந்தாள். நெஞ்சில் இருந்த எழுத்தைப் படித்தாள். ஒரு அடி விலகி நின்றாள்.

"மருந்து இல்லம்மா, மனுசன்தான்" என்றாள் அய்யம்மாள்.

டாக்டர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்துனது யாரு?" என்று கேட்டார். சோலைச்சாமி தரையைப் பார்த்தார். "இப்படிச் சுத்துனது யாரு?"

"நான்தான் சார். தப்பா சார்?" என்றாள் பாண்டிச்செல்வி.

டாக்டருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. ஸ்ட்ரெச்சரோடு உள்ளே போய்விட்டார். கதவு மூடியது. சரியா தப்பா என்று தெரியாமல் அவள் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள். கையில் சித்தப்பாவின் ரத்தம் காய்ந்து இழுத்தது. தாளுக்குள் காற்றுப் புகுந்திருக்குமோ, கட்டு நழுவியிருக்குமோ, ஏ.சி.யை முதலிலேயே அணைக்கச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைப் பெட்டி மாதிரி பிரித்துத் திரும்ப ஒட்ட முடியாது.

ரத்தம் வேண்டும் என்றார்கள். சபரிநாதன் முதல் ஆளாகக் கையை நீட்டினார். டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டை பிழிந்தெடுத்த மாதிரி இருந்தது. "நீங்க பாதி வெந்துருக்கீங்க. மொதல்ல எதையாச்சும் குடிச்சிட்டு நெழல்ல உக்காருங்க." சோலைச்சாமி பன்னீர் சோடாவை நீட்டினார். அது சூடாக இருந்தது. சபரிநாதன் அதை ஊதி ஊதிக் குடித்தார். பின்னாலேயே வேனில் வந்திருந்த கம்பெனி ஆட்கள் ரத்தம் கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றியவர்கள் வரிசையில் முன்னால் நின்றார்கள்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொண்டார் என்றார். இன்னும் கொஞ்சம் குளிர்ந்திருந்தால் ரத்தம் நின்றிருக்காது, சூடாகக் கொண்டுவந்தது நல்லதாயிற்று என்றார். "கட்டு மட்டும் கொஞ்சம் தளர்வா இருந்துச்சு. இன்னும் இறுக்கியிருக்கணும்" என்றார். பாண்டிச்செல்வி கடைசி வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஆனால் அய்யம்மாளுக்கு டாக்டர் சொன்னது போதவில்லை. சிவப்புக் கம்பளிக்குள் கண் மூடிக் கிடந்த புருஷன் பக்கத்தில் குனிந்தாள். அவளுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்.

"இந்தாருங்க. தீவாளிக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போவமா?"

சங்கிலிமுத்து கண்ணைத் திறக்கவில்லை. பாண்டிச்செல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றார். "அந்தத் தீப்பெட்டிக்காரன் வாசல்ல எவன் மிதிப்பான்?"

அய்யம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, "சரியாயிட்டாரும்மா" என்றாள்.

சங்கிலிமுத்து வீட்டுக்கு வந்து கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கி, கம்பெனிக்கும் வந்து மணியடித்துப் பார்த்தார். ஆட்கள் வாளியோடு ஓடி வந்து, ஒரு கணம் நின்று, "அண்ணாச்சி, நெருப்பா ரத்தமா?" என்று கேட்டார்கள். சோலைச்சாமி ஒரு கையில் வாளியும் மறு கையில் புதுக் கம்பளியுமாக நின்றார். போர்மேன் சொன்ன சட்டத்தில் இப்படி நின்று கேட்பது சேர்த்தியில்லை. ஆனால் அவர் கம்பை ஊன்றித் திரும்பி நடந்தார்.

அவருக்கு வீட்டில் வேறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. சீசன் முடிந்து தீபாவளி நெருங்கியபோது அய்யம்மாள் சாத்தூருக்கு மூட்டை கட்டினாள். "கார்ல வச்சு சரின்னு சொன்னீக. சின்ன மொதலாளி சாட்சி, சோலைச்சாமி சாட்சி. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னும் சொன்னீக."

"அது குளிர்ல சொன்னது."

"சொன்னது நீங்களா, குளிரா?"

வாதம் நாள்கணக்கில் இழுத்தது. கடைசியில் சங்கிலிமுத்து அண்ணன் மகளைக் கூப்பிட்டனுப்பினார். காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மூட்டை, அதன் மேல் கை வைத்தபடி சித்தி.

"ஏத்தா, நீ வகுப்புக்குப் போன ஆளு. நல்லா நிதானமா யோசிச்சுச் சொல்லு. அம்புட்டு ரத்தம் போயி, அறிவு கலங்கி, குளிர்ல ஒருத்தன் சொன்ன சரி செல்லுமா, செல்லாதா?"

வகுப்பில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாண்டிச்செல்வி சித்தியைப் பார்த்தாள். சித்தி மூட்டையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்லும் சித்தப்பா" என்றாள்.

"யோசிக்கவே இல்லையேத்தா நீ."

"யோசிச்சிட்டேன்."

சங்கிலிமுத்து அவளை ஒரு பார்வை பார்த்தார். "வேட்டி எங்கடி? காஞ்சதா எடு" என்றார் அய்யம்மாளிடம்.

பாண்டிச்செல்வி எழுந்து வந்தாள். பாதித் தெருவில் கால் நின்றது. சொன்னது சரிதானா? திரும்பிப் போய், அது என் யோசனை மட்டும்தான், வகுப்பில் சொன்னதில்லை என்று சொல்லிவிட்டு வரலாமா? பின்னால் சித்தப்பா, செல்லச்சாமி வீட்டுக்கு எந்த வெடியைக் கொண்டுபோவது, தீக்குச்சியே வேண்டாத வெடி ஏதாவது உண்டா என்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பது கேட்டது.

அவள் திரும்பிப் போகவில்லை. அப்படியே நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.